சிஸ்டருக்கு ஒரு ஜோடிச் சக்கரம்

ஜூன் 4

சக்கரப் பட்டறை உரிமையாளருக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு வாடிக்கையாளர் கடைக்கு எழுதுகிற கடிதம் இது.

நான் இப்போது ஒரு கிளைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நிலையம் என்றால் இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சாத்தினால் திறக்க மறுக்கும் ஒரு மருந்து அலமாரி. என் பொறுப்பில் நாற்பத்தாறு வீடுகள், பதினான்கு கிலோமீட்டர் பாதையில் சிதறிக் கிடக்கின்றன. வண்டி போகாது. இலாகா கொடுத்த தடித்த டயர் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பிள்ளைகள் அதை யானைக்கால் சைக்கிள் என்கிறார்கள். அந்த வியாதிக்கும் என்னிடம் மாத்திரை இருக்கிறது என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

பின் சக்கரத்தின் ரிம் வேரில் மோதி நசுங்கிவிட்டது. ஐந்து ஸ்போக் அறுந்துவிட்டன. முன் சக்கரமும் ஆட்டம் காண்கிறது. பராமரிப்பில் குறை வைக்கவில்லை. மருந்து வேன் டிரைவர் வாரம் தவறாமல் தன் வண்டிப் பம்பிலேயே காற்றடித்து டயரைக் கல்லுப் போல வைத்துத் தருகிறார். அப்படியும் ஆற்றோர மணலில் புதைகிறது. போன மழையில் ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில் புதைந்து, தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்ததில் நாற்பது நிமிடம் தாமதம். குழந்தை நீலமாகக் கிடந்தது. அதை அழவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிழைத்துக்கொண்டது. ஆனால் மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு முறை சுற்று தவறினால் நிலையத்தை மூடி என்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். கடைசி வீட்டில் ஒரு பெண் ஜூலைக் கடைசியில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

"அகல ரிம்மா போடுங்க சிஸ்டர், அகலமா இருந்தா புதையாது" என்கிறார் டிரைவர். ஆகவே கிடைப்பதிலேயே அகலமான ரிம்மில் ஒரு ஜோடிச் சக்கரம் வேண்டும். இந்த மாதிரிச் சக்கரம் கட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறார்கள். இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன்.

இங்கே போன் எடுக்காது. தபால் மருந்து வேனில் வாரம் இரண்டு முறை வரும்.

இப்படிக்கு,
கிளை நிலைய நர்ஸ்


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடைக்காரியாகத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழிந்ததுதான் மிச்சம். நீங்களும் அண்ணனும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் நான் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. முதலில் எழுதியது நீங்கள். வேறு ஆள் இல்லாததால்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. உலகத்தில் வேறு ஆள் இல்லாமல் போனதற்கு நன்றி.

பட்டறை இப்போது மூன்று பேர் நிற்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஆனால் சுவரில் முதல் ஆணியில் தொங்குவது நீங்கள் கொடுத்த ஆஸ்பத்திரி இடுக்கி, அந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்தான். ஸ்போக்கின் நுனியில் மாட்டுகிற சின்னத் திருகு கை தவறி ரிம்முக்குள் விழுந்துவிட்டால், அதை வெளியே எடுக்க அதைப் போல ஒரு சாமான் இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. உங்கள் சமையலறையில் முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு முதல் சக்கரத்தைக் கட்டினேனே, நினைவிருக்கிறதா? "பொம்பளப் பிள்ளை சக்கரம் கட்டிட்டிருந்தா இவளை எவன் கட்டிக்குவான்?" என்று அம்மா கேட்டார். நீங்கள் தோசைக்கரண்டியோடு திரும்பிச் சிரித்துக்கொண்டே, "வரட்டும் அத்தை, கோணலா இருந்தா அவனையும் நிமித்திடுவா" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அந்தச் சக்கரத்தை முடித்திருக்கவே மாட்டேன். இதை நேரில் ஒரு தடவையும் சொன்னதில்லை.

சரி, ரிம்முக்கு வருகிறேன். உங்கள் மாதிரி சைக்கிளுக்கு அறுபத்தைந்து, எண்பது, நூறு மில்லிமீட்டர் அகலத்தில் ரிம் வைத்திருக்கிறேன். நூறில் மாட்டினால் டயர் பலகையைப் போலப் பரந்து உட்காரும். மணலுக்கு அது சொர்க்கம். ஆனால் வேரும் கல்லும் உள்ள பாதையில் டயரின் பக்கச் சுவர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கல் அதைத்தான் முதலில் கடிக்கும். வளைவில் திருப்பினால் எருமை மாதிரி யோசித்துத்தான் திரும்பும். அறுபத்தைந்தில் டயர் உருண்டையாக நிற்கும், சொன்ன பேச்சைக் கேட்கும், மணலில் மட்டும் மானத்தை வாங்கும். எண்பது இரண்டுக்கும் நடுவில். கடைசி வரைக்கும் அகலமாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது டிரைவர் வைத்தியம்.

பதினான்கு கிலோமீட்டரில் மணல் எவ்வளவு, வேர் எவ்வளவு? இப்போதுள்ள ரிம் எத்தனை அகலம்? டயரின் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது? டயருக்கும் பின்னால் உள்ள தண்டுகளுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? சேறு வந்தால் வழிந்து போக இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும். அளந்து எழுதுங்கள் அண்ணி.

என்றும் அன்புடன்,
கம்பி


ஜூன் 16

பட்டறை உரிமையாளருக்கு,

உடனே பதில் எழுதியதற்கு நன்றி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணி என்று கூப்பிட வேண்டாம். அந்தச் சொல் நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே முடிந்துவிட்டது. உங்களுக்கு அண்ணி இப்போது வேறு ஒருவர். இங்கே எல்லோரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எண்பது வயது ஆட்களும் அப்படித்தான், டிரைவரும் அப்படித்தான். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

கேட்ட விவரம்: ஆற்றோர மணல் மூன்று கிலோமீட்டர். வேரும் கல்லுமாகக் காட்டுப் பாதை ஒன்பது. கடைசி இரண்டு கறுப்புச் சேறு. டயரில் நான்கு அங்குலம் என்று போட்டிருக்கிறது. தண்டுக்கு இரு பக்கமும் என் சுண்டு விரல் தாராளமாகப் போகிறது. ரிம் சரியாக நூறு மில்லிமீட்டர். இங்கே உள்ள ஒரே டேப்பால் அளந்தேன், குழந்தைகளின் தலையை அளக்கிற டேப். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மேலிடத்தில் தொலைத்துவிடுவார்கள், எனவே அளவில் சந்தேகம் வேண்டாம்.

ஆக என்னிடம் இருப்பதே நூறு. அதிலேயே புதைகிறேன். அதைவிடப் பெரியது இல்லை என்றால் நூறே அனுப்புங்கள். தயவுசெய்து குறைக்க மட்டும் வேண்டாம். கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், சைக்கிள் இல்லாததால் நடந்துதான். திரும்பி வந்து காலை வெந்நீரில் வைக்கும்போது உங்கள் பதில் வந்திருந்தது. முக்காலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
சிஸ்டர்


ஜூன் 29
(பெட்டிக்குள் வைத்த சீட்டு)

மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு,

சக்கரங்கள் இரண்டும் எண்பதில் கட்டியிருக்கிறேன். நூறிலும் புதைகிறீர்கள் என்றால் அகலம் குறைவு என்பது நோய் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் வேரில் நூறு உங்களைப் படுத்தி எடுத்துவிடும். கேட்டுக்கொண்டிருந்தால் கடிதம் போய் வருவதற்குள் ஜூலை பாதி போய்விடும். அதனால் நானே முடிவெடுத்துவிட்டேன். மாட்டிப் பாருங்கள், புரியும்.

திருகு எண்ணி வைத்ததில் ஒன்று குறைகிறது. மேசைக்குக் கீழே உருண்டிருக்கும்.

கம்பி


ஜூலை 5

பட்டறை உரிமையாளருக்கு,

பெட்டி வந்தது. சக்கரம் அழகாகத்தான் இருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அகலத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சந்தேகப்பட்டு அதே டேப்பால் புதியதையும் அளந்தேன். நூறு. சீட்டில் எண்பது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பது என்றால் நான் கேட்டதைத் தரவில்லை. நூறு என்றால் இருந்ததையே திருப்பி அனுப்பிவிட்டு ஒரு பொய்யும் எழுதியிருக்கிறீர்கள். எது என்று நீங்களே சொல்லுங்கள்.

மாட்டிப் பார்க்கவும் செய்தேன். டிரைவர் காற்றடித்துக் கொடுத்தார். மணலில் முப்பது அடி போனேன். புதைந்தது.

எனக்குக் கோபம் சக்கரத்தின் மேல் இல்லை. "நானே முடிவெடுத்துவிட்டேன்" என்ற வரியின் மேல். உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது இது முதல் முறை இல்லை. உங்கள் அண்ணனுக்கு வேறு குடும்பம் அமையப்போகிறது என்று என்னைவிட ஏழு மாதம் முன்னால் உங்களுக்குத் தெரியும். அந்த ஏழு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள். குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. விஷயம் வெளியே வந்த நாளில் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அண்ணன் கம்பி நீட்டினார். நான் ஆசையாகக் கம்பி என்று பேர் வைத்தவளும் கம்பி நீட்டிவிட்டாள்.

இதையெல்லாம் எழுதக்கூடாது என்றுதான் வாடிக்கையாளராக ஆரம்பித்தேன். கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. என்ன செய்வது என்று மட்டும் எழுதுங்கள்.

சிஸ்டர்


ஜூலை 10

சிஸ்டருக்கு,

முதலில் சக்கரம். அது அவசரம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டேப்தான் சொல்லியிருக்கிறது. குழந்தையின் தலையை எப்படி அளப்பீர்கள்? வளைவைத் தழுவி, ஒட்டப் பிடித்து. ரிம்மையும் அப்படியே தழுவி அளந்துவிட்டீர்கள்! நேராக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, தொங்கவிட்ட கயிறு மாதிரி இல்லாமல் இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். அளந்து பாருங்கள், பழையதும் புதியதும் எண்பதுதான் காட்டும். இத்தனை வருஷத் தொழிலில் ரிம்முக்குத் தலைச்சுற்றளவு எடுத்த ஒரே ஆள் நீங்கள். பட்டறையில் நான் சிரித்த சிரிப்பில் மற்ற இருவரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அழுகை வந்தது, அதற்கு அவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

ஏனென்றால் பெரிய தப்பு என்னுடையது. நூறு என்று நம்பி, ஒரு படி குறைத்து எண்பது கட்டினேன். உங்கள் பாதைக்கு எண்பது சரிதான். ஆனால் அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உங்கள் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். "கல்லுப் போல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கற்றுக்குட்டியும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. கடிதம் உங்களிடமிருந்து என்றதும் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை.

காற்று! அகலம் போதும், காற்றுதான் அதிகம். வேன் டயருக்கு அடிக்கிற காற்றை அடித்தால் எத்தனை அகல ரிம் போட்டாலும் டயர் பரவாது, மணலை வெட்டிக்கொண்டு உள்ளேதான் போகும். வேரில் மோதினால் அடி நேராக ரிம்மில் விழும். உங்கள் ரிம் நசுங்கியதே அதனால்தான். நாற்பத்தாறு வீட்டுக்கும் பிரஷர் பார்க்கிற நீங்கள் சொந்த டயரின் பிரஷரைப் பார்க்கவில்லையே சிஸ்டர்!

இத்துடன் ஒரு சின்னக் காற்றழுத்த மானியும் கைப்பம்பும் அனுப்புகிறேன். மணலின் ஓரத்தில் இறங்கி மானியில் ஆறு வரும் வரை காற்றை விடுங்கள். டயர் தொப்பை போட்டது மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒன்பதுக்கு ஏற்றுங்கள். டிரைவரின் பம்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

இனி மற்றது.

ஏழு மாதம் இல்லை. எட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அந்தச் சமையலறையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களை ஏமாற்றியது அண்ணன் மட்டும் இல்லை, நானும்தான். போன் மூன்று முறை அடித்தது. பக்கத்தில்தான் நின்றேன். கையில் கிரீஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திட்டுவீர்கள் என்று பயம். திட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இந்தத் தடவையும் கேட்காமல் முடிவெடுத்தேன். பழக்கம். மன்னித்துவிடுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நன்றி என்று எழுதலாம். என்னை ஒரு தொழில்காரியாக முதலில் பார்த்தது உங்கள் கண்தான். இன்றைக்கு என் பட்டறையில் நிமிர்கிற ஒவ்வொரு சக்கரத்திலும் அது இருக்கிறது. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் இது மாறாது. மானியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கம்பி


ஜூலை 27

அடியே கம்பி,

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. வந்ததும் வராததுமாக ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். குழந்தையின் அப்பா, "ஏதாச்சும் பிரச்சனையா சிஸ்டர்?" என்று பயந்துவிட்டார். "ஒண்ணுமில்லப்பா, பிரஷர் சரியா இருக்கு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையெடுத்துக் கும்பிட்டார்.

முறையாகச் சொல்கிறேன். புதன்கிழமை காலையில் அவருடைய தம்பி ஓடிவந்தார், வலி எடுத்துவிட்டது என்று. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் பெய்த மழையில் மணல் ஊறிக் கிடந்தது. ஓரத்தில் இறங்கி, நீ சொன்ன மாதிரி ஆறு வரும் வரை காற்றை விட்டேன். டயர் சப்பிப்போய் உட்கார்ந்துவிட்டது, மானியை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். ஏறி மிதித்தேன். ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை கம்பி! மூன்று கிலோமீட்டரும் ஏறியபடியே போனேன். திரும்பிப் பார்த்தால் மணலில் என் தடம் ஏதோ பெரிய பிராணி நடந்துபோன மாதிரி கிடந்தது. காட்டு ஓரத்தில் நின்று ஒன்பதுக்கு ஏற்றினேன். வேர்கள் எல்லாம் அடங்கிப்போயிருந்தன. ஒன்றே கால் மணி நேரத்தில் கடைசி வீட்டு வாசல். குழந்தைக்குக் கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. போன தடவை போல நாற்பது நிமிடம் தாமதமாகியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த வீட்டில் எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். பாதி நன்றி பட்டறைக்குப் போக வேண்டியது, இத்துடன் அனுப்புகிறேன்.

மேலிடத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. நிலையத்தை மூடவில்லை. டிரைவர் மட்டும் என்னோடு பேசுவதில்லை, அவர் பம்பை அவமதித்துவிட்டேனாம்.

ரிம்மை இழுத்துப் பிடித்து அளந்தேன். எண்பதுதான். இரண்டும் எண்பது. இதை மேலிடத்தில் சொல்லிவிடாதே, இதுவரை நான் அளந்த தலைகளையெல்லாம் மறுபடி அளக்கச் சொல்லிவிடுவார்கள்.

உன் கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன். ஏழு இல்லை எட்டு என்று எழுதினாயே, அந்த இடத்தில்தான் என் கோபம் உடைந்தது. குறைத்துச் சொல்லக் கூடிய இடத்தில் கூட்டிச் சொன்னாய். அன்றைக்கு மூன்று முறை போன் செய்தேனே, அது உன்னைத் திட்டுவதற்கு இல்லை. என் சாமான்களை எடுக்கப் போகும்போது நீயும் கூட நிற்பாயா என்று கேட்பதற்கு. தனியாகப் போய் எடுத்தேன். துணி, பாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த முக்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. உன்னால் எனக்கு வலித்தது, அது வலித்ததுதான். அதற்காக நீ கொடுத்ததை மறந்துவிட முடியுமா? நாலு வருஷம் கழித்து, அறுபத்து நாலு ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை பார்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறாய். நன்றிடி.

அண்ணி என்று கூப்பிட வேண்டாம் என்றேன். இப்போதும் வேண்டாம். அண்ணி என்றால் நடுவில் ஒரு அண்ணன் நிற்க வேண்டும். சிஸ்டர் என்றால் நடுவில் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஊரே கூப்பிடுகிற சொல், இத்தனை நாளாக அர்த்தத்தை யோசிக்காமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் நீ இங்கிலீஷில் கூப்பிட வேண்டாம்.

இன்னொன்று. பின் சக்கரம் சுற்றும்போது உள்ளே ஏதோ கடகட என்கிறது. உன் மேசைக்குக் கீழே தேட வேண்டாம், அந்தத் திருகு என் ரிம்முக்குள்தான் இருக்கிறது. தெரியாமல் விட்டாயா, தெரிந்தே விட்டாயா என்று கேட்க மாட்டேன். மருந்து வேன் செவ்வாயும் வெள்ளியும் உங்கள் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. ஃபோர்செப்ஸை எடுத்துக்கொண்டு வா. முக்காலியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன்,
அக்கா